பால் காய்ச்சிய ஆஸ்பத்திரி

ஆலத்தங்கரையில் ஆஸ்பத்திரிக்குப் பெயர் வைத்த செய்தி வந்தபோது அம்சம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் நெடுஞ்செழியன் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். புதிதாகக் கட்டப்போகிற துணை சுகாதார நிலையத்துக்கு அவளுடைய காலமான வீட்டுக்காரர் ஹவில்தார் வீரையன் பெயரை வைப்பதாகக் கிராமசபையில் தீர்மானம் போட்டாகிவிட்டது. எதிர்த்து ஒரு குரல்கூட வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் பெயர்தான் வேண்டுமென்றார்கள். அடுத்த கட்சிக்காரர்கள் அப்படியானால் எங்கள் தலைவர் என்ன குறைச்சல் என்றார்கள். இடம் கொடுத்த மிராசு வீட்டார், எங்கள் தாத்தா பெயர் இல்லையென்றால் பத்திரத்தில் கையெழுத்துக் கிடையாது என்று ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நாற்காலி பறக்க வேண்டிய நேரத்தில் யாரோ மெடல் வாங்கிய வீரையன் பெயரை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இறந்துபோன பட்டாளத்துக்காரரை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவரவர் பெயரை அவரவர் மடியில் முடிந்துகொண்டு, கைதட்டிவிட்டுக் கலைந்துபோனார்கள்.

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்றாள் அம்சம், தவிட்டுக் கையை விலக்கிப் பிடித்தபடி.

"ஒண்ணும் செய்ய வேணாங்க்கா. தெறப்பு விழா அன்னிக்கு ஒரு நல்ல பொடவயா கட்டிக்கிட்டு மேடையில வந்து உக்காந்தா போதும்."

இவ்வளவு லேசான வேலை இதுவரை தனக்கு வாய்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வீரையனின் அப்பா அந்த மிராசு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கூலி நெல் வாங்கியவர். அந்த வீட்டார் எழுதிக் கொடுத்த இடத்தில் தன் மகன் பெயரில் கட்டடம் வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தால், கள் தெளிந்த பிறகு வந்து பேசு என்றிருப்பார். வீரையன் பத்தாவது முடித்த கையோடு திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். காஷ்மீர் மலையில் ஒரு சண்டையின்போது, அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் போட்டுச் சுமந்து இறங்கியதற்காகச் சேனா மெடல் கொடுத்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. குளிரைப் பற்றித்தான் பேசுவார். அங்கே தயிர் உறையாது, பல் தேய்க்க ஐஸை உருக்க வேண்டும், பருப்பு வேகவே வேகாது. இதையெல்லாம் ஏதோ தன்னைக் குறைசொல்வதற்காகவே சொல்கிறார் என்று கல்யாணமான புதிதில் அம்சம் நினைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஊசி என்றால் நடுக்கம். ஒருமுறை நாய் கடித்துவிட்டது. முதல் ஊசிக்கு வந்தவர் அடுத்த ஊசிக்கு வரவில்லை. கிராமத்து நர்ஸ் பிரகதீஸ்வரி வீடு தேடி வந்துவிட்டாள். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "மெடலக் கழட்டி வெச்சிட்டு ஒக்காருங்க மாமா" என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் மன்னார்குடியில் ஒரு பேங்கில் காவலுக்கு நின்றார். ஒரு மத்தியானம் துப்பாக்கியை மடியில் வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். கண்ணசந்திருக்கிறார் என்று நினைத்துப் பணம் எடுக்க வந்தவர்கள் சத்தம் போடாமல் நடந்தார்களாம். அவர் வாங்கிப்போட்ட நாலு மா நஞ்செய், மாதாமாதம் வரும் பென்ஷன், ஒரு கறவை மாடு, இவை அம்சத்துக்கு. மகன் பரிதி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மருமகள் குந்தவையும் கைக்குழந்தையும் இவளோடு இருக்கிறார்கள்.

கட்டடம் சொன்னபடி எழும்பியது. வழவழவென்று டைல்ஸ் தரை, கை கழுவத் தொட்டி, பிரசவ அறை, கரண்ட் போனால் எரிய இன்வெர்ட்டர். வாசல் சுவரில் கல்வெட்டைப் பதித்து மஞ்சள் துணி போட்டு மூடினார்கள். மந்திரி வந்து துணியை விலக்கினால் ஆஸ்பத்திரி. அதுவரை அது பூட்டிய வீடு.

மந்திரிக்கு நேரம் வாய்க்கவில்லை. முதலில் ஒரு தேதி சொன்னார்கள், பந்தல்கால்கூட நட்டாகிவிட்டது. அதற்குள் தேர்தல் அறிவித்து, விழா எதுவும் கூடாதென்று வந்துவிட்டது. தேர்தல் முடிந்து இன்னொரு தேதி வந்தது. முந்தின நாள் எங்கோ ஒரு பெரியவர் காலமாகி, அரசு துக்கம் என்றார்கள். அதன் பிறகு தேதி என்று எதுவும் வரவில்லை, "வரும்" என்ற பேச்சு மட்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்சம் பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைத்தாள்.

ஊரில் அதற்குள் கட்டடத்தைச் சுருக்கமாக வீரையன் என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். வீரையனுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும். வீரையனுக்கு எதிரில் ஆடு மேய்கிறது. தண்ணீர்க் குழாயடியில் பொன்னுத்தாய்தான் எப்போதும் ஆரம்பிப்பாள்.

"ஏன் அம்சம், ஒன் வீட்டுக்காரரு இன்னுமா கதவத் தொறக்கல? காஷ்மீருக்கே போயிட்டு வந்தவருக்கு இந்தப் பூட்டு பெரிசா?"

சிரிப்பு எழும். அம்சமும் சிரிப்பாள். ஆனால் குடத்தோடு திரும்பி வரும்போது அது தன் வீட்டுக் குறையாகவே அவளுக்குப் படும். ஊராரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பேர் அவள் வீட்டுப் பேர், ஆகவே சாவியும் அவள் இடுப்பில்தான் இருக்கும் என்பது போல, டாக்டர் எப்போது வருவார், பிரசவம் இங்கேயே பார்ப்பார்களா என்று அவளிடம்தான் கேட்டார்கள். கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்சர், சுகர் மாத்திரை அங்கே கிடைக்குமா என்று போனில் விசாரித்தார். மெனக்கெட்டுக் கேட்கிறவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "வந்துரும் பாய், இந்த மாசம் வந்துரும்" என்று சொல்லிவைத்தாள்.

பிரகதீஸ்வரி அதுவரை பழைய கட்டடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அது எப்போது கட்டியதென்று அதற்கே மறந்திருக்கும். மழை வந்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. மேசைக்கு மேலே குடையை விரித்துக் கட்டியிருந்தாள். கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் பார்ப்பாள், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாள், புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவாள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்பது அவளுக்கு மனப்பாடம். வராதவர்களை வயலுக்கே போய்த் திட்டுவாள். அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது என்றால் அது அவள்தான்.

புரட்டாசிக் கடைசியில், ஒரு புதன்கிழமை, பழைய கட்டடத்துக் கூரையிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து பெஞ்சில் விழுந்தது. அந்த பெஞ்சில் அப்போதுதான் குந்தவை குழந்தையோடு உட்கார்ந்திருந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து போயிருந்தாள். பெஞ்சு இரண்டாகப் பிளந்துவிட்டது. குழந்தை மேல் தூசு மட்டும் படிந்தது.

பிரகதீஸ்வரி அன்றைக்கே மேலே எழுதிப் போட்டாள். திறப்பு விழாவுக்குப் பிறகு புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொள்ளவும், அதுவரை பாதுகாப்பாக இருக்கவும் என்று பதில் வந்தது. அதை அம்சத்திடம் காட்டி, "நான் பாதுகாப்பா வேப்பமரத்தடியில ஒக்காரட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

 மூன்றாம் நாள் அம்சம் சுவரில் தொங்கிய காலண்டரின் தாளைப் புரட்டி நல்ல நாள் பார்த்தாள். அவளுக்கு விஷயம் எளிதாகத்தான் தோன்றியது. வீடு கட்டினால் நல்ல நேரத்தில் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும். பால் காய்ச்சாத வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். காய்ச்சிவிட்டால் அது புழங்குகிற வீடு. இந்த வீட்டுக்குப் பேர் இருக்கிறது, பேர்க்காரருக்குக் குடும்பம் இருக்கிறது, அந்தக் குடும்பம் ஏன் இத்தனை நாள் பால் காய்ச்சாமல் உட்கார்ந்திருந்தது? மந்திரி வரும்போது வரட்டும். வந்து துணியை எடுக்கட்டும். துணிக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

நெடுஞ்செழியனிடம் சாவி கேட்கப் போனாள். அவர் முகத்தைச் சொறிந்துகொண்டார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளையும் ஊசிக்கு அந்தப் பழைய கூரைக்குக் கீழேதான் உட்காரும். "பாலுதானேக்கா, காய்ச்சிட்டுப் பூட்டிருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிச் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியில் முதல் வளர்பிறை முகூர்த்தம் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. விடிந்ததும் தன் மாட்டுப் பாலைக் கறந்து எடுத்துக்கொண்டு போனாள் அம்சம். தெருப் பெண்கள் தேங்காய் பழம், மஞ்சள் குங்குமம் என்று தட்டோடு வந்துவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போலவே பொன்னுத்தாய் ஒரு குத்துவிளக்கும் சுவர்க்கடிகாரமும் கொண்டுவந்திருந்தாள். பாலை யார் ஏற்றுவது என்று வந்தபோது எல்லோரும் ஒரு கணம் அம்சத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தாலி இழந்தவள் செய்யக்கூடாது. அவளும் வற்புறுத்தவில்லை, குந்தவையை முன்னால் நிறுத்தினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. யாரோ குலவை போட்டார்கள்.

அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எதிரே பழைய கட்டடத்து வாசலில் ஊசிக்கு வந்திருந்த தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளை முந்தானையில் மூடிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். உள்ளே நடந்து பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர் வந்தது. சர்க்கரை போட்ட பாலை ஆளுக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு, குழந்தைகளைத் தரையில் விட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குமேல் அவர்களை எழுப்ப முடியவில்லை.

பிரகதீஸ்வரி மட்டும் எதிர்த் தாழ்வாரத்தில் மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியோடு நின்றாள். அம்சம் மழையில் நனைந்துகொண்டு போய் அவளைக் கூப்பிட்டாள்.

"தெறக்காத கட்டடம்க்கா. நான் உள்ள வந்தா என் வேல போயிரும்."

"பால் காய்ச்சியாச்சு. இனிமே என்ன தெறக்காத கட்டடம்? நான் பாத்துக்கறேன் வா."

சொல்லிவிட்டு அம்சமே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெட்டி போன பிறகு நர்ஸ் எங்கே நிற்பது? பிரகதீஸ்வரி பின்னால் வந்தாள். அன்றைக்குப் பிள்ளைகளெல்லாம் புதுக் கட்டடத்தில் அலறின. மத்தியானத்துக்குமேல் பிரகதீஸ்வரி கைகழுவும் தொட்டியில் வெகுநேரம் கைகழுவிக்கொண்டே நின்றதை அம்சம் பார்த்தாள். முகத்தில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

அன்றைக்கு நடந்ததையெல்லாம் யாரோ போனில் படம் பிடித்து, வீரையன் திறந்தாச்சு என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள். பொல்லாப்பு நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. குலவைச் சத்தம், பொங்குகிற பால், பின்னால் மஞ்சள் துணி நனைந்து கல்லோடு ஒட்டி, எழுத்துகள்கூடத் தெரிந்தன. இரண்டு நாளில் அது போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மந்திரி திறக்க வேண்டிய கட்டடத்தை ஒரு நர்ஸ் திறந்துவிட்டாள் என்று ஒரு கட்சி. ஆளுங்கட்சியை மக்களே புறக்கணித்தார்கள் என்று இன்னொரு கட்சி. வெள்ளிக்கிழமை ஒரு ஜீப் வந்து கட்டடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனது. அடுத்த வாரம் பிரகதீஸ்வரிக்கு மாறுதல் உத்தரவு வந்தது, வேதாரண்யம் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு.

அம்சம் பஸ் ஏறி, மாறுதல் போட்ட சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போனாள். போகும்போது மெடலையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதைக் காட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் அதிகாரி எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் காரியம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சாவி வாங்கியது, பால் காய்ச்ச வைத்தது, பெட்டியைத் தூக்கிவந்தது எல்லாம் தன் வேலை, நர்ஸ் வரமாட்டேன் என்றுதான் நின்றாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்க வீரரோட குடும்பம். ஏதோ ஒரு ஆதங்கத்துல செஞ்சிட்டீங்க. அவங்க அரசு ஊழியர், அவங்கதான் யோசிச்சிருக்கணும்."

"செஞ்சது நானு சார். எம்மேல கேசு போடுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சிரிக்கவில்லை. "மெடல் வாங்கினவர் சம்சாரத்து மேல கேசு போட்டா நாளைக்கு நான்தான்மா பேப்பர்ல வருவேன்."

அம்சம் டீயைத் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போதே யோசித்துவைத்திருந்த கடைசிச் சொல்லைச் சொன்னாள். அந்தப் பேரை எடுத்துவிடுங்கள். பேர் இல்லாவிட்டால் விழா வேண்டாம், மந்திரி வேண்டாம், நர்ஸை அங்கேயே விட்டுவிட்டுச் சும்மா திறந்துவிடலாம். நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

  அதிகாரி சங்கடப்பட்டார்.

"அது அரசாணை ஆயிடுச்சும்மா. எடுக்கணும்னா அதுக்கு இன்னொரு அரசாணை வரணும். அதெல்லாம் என் கையில இல்ல. உங்க கையிலயும் இல்ல."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். டிரைவரைக் கூப்பிட்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னார். ஜீப்பில் ஏறி உட்காரும்போது, திட்டி அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

பிரகதீஸ்வரி மன்னார்குடியில் வாடகை வீட்டில் இருந்தாள். மகள் பூவிழி பன்னிரண்டாவது படிக்கிறாள், நடு வருஷத்தில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. பெண்ணைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு இவள் மட்டும் போவதென்று ஏற்பாடு. அம்சம் போனபோது பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அம்சமும் உட்கார்ந்து கட்டினாள். ஆபீசுக்குப் போனதை, கேசு கேட்டதை, பெயரை எடுக்கச் சொன்னதை எல்லாம் சொன்னாள். பிரகதீஸ்வரி கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்கள்ல, அதான் வந்தேன்" என்றாள் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்ப்பது போலவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான்.  அம்சம் சாக்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினாள்.

கார்த்திகையில் திறப்பு விழா நடந்தே விட்டது. மந்திரி வரவில்லை. சென்னையில் இருந்தபடியே அவர் பொத்தானை அழுத்த, பல ஊர்க் கட்டடங்கள் ஒரே நேரத்தில் திறந்தன. பந்தலில் வைத்த டிவியில் ஆலத்தங்கரை பெயர் வந்தபோது ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. நெடுஞ்செழியன் மஞ்சள் துணியை உருவினார். அம்சம் பட்டுப் புடவையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி சால்வை போர்த்தினார். போர்த்தும்போது அவர் காதருகில் கேட்டாள்.

"அந்த நர்ஸம்மாவத் திருப்பி அனுப்புங்க சார்."

"பாக்கலாம்மா. மாறுதல் கவுன்சிலிங் வரும், அப்ப பாக்கலாம்" என்றார் அவர், போட்டோவுக்கு நிமிர்ந்தபடி.

பிரகதீஸ்வரி இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் நர்ஸுக்குக் கூடுதல் பொறுப்பு என்று எழுதினார்கள். அவளுக்கு அவள் ஊரே பெரிது. வர முடிந்த புதன்கிழமை வருவாள், முடியாதபோது இல்லை. எப்போது வருவாள் என்பது யாருக்கும் தெரியாததால், தாய்மார்கள் எல்லாப் புதன்கிழமையும் வந்து அந்த வழவழப்பான தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருத்தி எழுந்து அம்சம் வீட்டுக்கு வருவாள், இன்னிக்கு உண்டா என்று கேட்க.

தை பிறந்து ஒரு புதன்கிழமை, அப்படி ஒருத்தி வந்து நின்றபோது, அம்சம் பொறுக்கமாட்டாமல் பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டாள். மறுபடி ஆபீசுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். இந்தத் தடவை தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போவேன், ஆர்டர் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது.

"வேணாங்க்கா" என்றாள் பிரகதீஸ்வரி. "இங்க ரெண்டு வருஷமா நர்ஸே இல்லாம இருந்திருக்கு. நான் வந்த அன்னிக்கு ஒரு அம்மா ஊசி போடாத பிள்ளைய எடுத்துட்டு வந்து என் மடியிலயே வெச்சிட்டாங்க. நீங்க கேட்டு, அவங்களும் குடுத்துட்டாங்கன்னா, இவங்க எங்க போவாங்க? எனக்காகக் கேக்காதீங்க. கேக்கறதா இருந்தா அங்கயே புதுசா ஒரு ஆளு கேளுங்க. வெக்கிறேங்க்கா, ஆளு நிக்குது."

அம்சம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். புதிதாக ஓர் ஆளை யாரிடம் கேட்பது, கேட்டால் அந்த ஆள் எந்த ஊரை விட்டுவிட்டு வருவாள் என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற பெண், பேசி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

"என்ன சொல்றாங்கக்கா?"

"இன்னிக்கு இல்லம்மா."

"அடுத்த வாரம்?"

வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லிப் பழகிய வார்த்தைதான். "எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். குந்தவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அதற்கும் ஊசி தேதி தாண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போக மன்னார்குடி பஸ் வருகிற நேரம். அம்சம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மருமகளோடு ரோட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, பையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் பஸ்ஸுக்காக நின்றார்கள். அம்சம் வெயிலில் நிற்கக் கூடாதென்று ஒருத்தி நகர்ந்து, மரநிழலில் அவளுக்கு இடம் விட்டாள்.